மசாலாவில் கடுகு

1991-இல் பென்னலூர் பக்கம் கம்பெனிக் கட்டட வேலைக்கு வந்த ஒன்பது பேருக்குச் சமைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன் லாரி கிளீனர், அதற்கும் முன் டீக்கடை. எங்கேயும் ஆறு மாதம் தாண்டியதில்லை. ஏழாவதோடு நின்ற படிப்பு; ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பேன்.

ஒன்பது பேரில் ஒருவர் குன்றத்தூர் வெல்டர். முதல் நாளே சொல்லிவிட்டார்: "யோவ் சமையலு, எனுக்குக் கடுகு ஆவாது. தொண்ட அடைச்சிக்கும். தாளிக்கறதுக்கு முன்னாடி என் பங்க எட்த்து வெச்சிடு."

"அண்ணன் பொண்ணு பாக்கப் போனா மூஞ்சியப் பாக்க மாட்டாரு, அஞ்சறைப் பெட்டியத்தான் பாப்பாரு" என்று மற்றவர்கள் சிரிப்பார்கள்.

நான் ஒருநாளும் மறந்ததில்லை. அவர் குழம்பைத் தனியாக மூடிவைத்த பிறகுதான் தாளிப்புக் கரண்டியை எடுப்பேன்.

ஒரு நாள் மிளகாய் மில்லில் மோட்டார் எரிந்துவிட்டது. பாக்கெட் சாம்பார் பொடி வாங்கப் போனேன். காசு கொடுக்கும் முன் பின்பக்கத்தைப் படித்தேன். கடுகுக்கு மஸ்டர்ட் என்று தெரியும். மிளகாய், மல்லி, மஞ்சள், பருப்பு எல்லாம் இருந்தன, மஸ்டர்ட் இல்லை. கடைசியில் ஸ்பைசஸ் என்றிருந்தது. மசாலாதான் என்றார் கடைக்காரர். மசாலா அரைக்கிற சாமான், கடுகு தாளிக்கிற சாமான். நிம்மதியாக வாங்கி வந்தேன்.

மத்தியானம் நாலைந்து வாய் சாப்பிட்டதும் வெல்டர் தட்டைத் தள்ளினார். உதடு வீங்கிக்கொண்டு வந்தது. "இன்னா போட்ட?" என்றார். அதற்குமேல் பேச்சு வரவில்லை. மூச்சு மட்டும் கீச்கீச்சென்று வந்தது.

செங்கல் இறக்கிய டெம்போவில் ஏற்றினோம். அவர் தலை என் மடியில். ஒரு மூச்சு போனால் அடுத்தது வருமா என்று நெஞ்சில் கை வைத்தபடி இருந்தேன். செத்துப்போனால் போலீஸ் என்னைத்தான் பிடிக்கும் என்றும் நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். டாக்டர் பாக்கெட்டைக் கேட்டார். கிளம்பும்போது இடுப்பில் செருகிக்கொண்டு வந்ததை எடுத்துக் கொடுத்தேன்.

"கடுகு இல்லீங்க. படிச்சுப் பாத்துத்தான் வாங்கினேன்."

"ஸ்பைசஸ்னு போட்டிருக்கே. அதுல கடுகும் இருக்கலாம்யா."

"கடுகு தாளிக்கறதுதானேங்க?"

நர்ஸ் சிரித்துவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை.

மறுநாள் வெல்டர் திரும்பி வந்தார். அவர் கண் முன்னால் மிளகும் சீரகமும் இடித்து ரசம் வைத்தேன்.

"நீ மொதல்ல துன்னு" என்றார்.

கடுகு தின்றாலும் எனக்கு ஒன்றும் ஆகாது என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் நான் விழுங்கும் வரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு வாய் எடுத்தார். மற்ற எட்டுப் பேரும் தட்டில் கை வைக்காமல் அவரையே பார்த்தார்கள்.