முப்போட்டியும் சாவகச்சேரிச் சந்தையும்

நான் நீந்தப் பழகியது எங்கள் தோட்டக் கிணற்றில். உரும்பிராயில் கடலும் இல்லை, ஆறும் இல்லை. செம்மண்ணைத் தோண்டி, கல்லை உடைத்து இறக்கிய கிணறுதான் எங்களுக்கு எல்லாம். ஐயா என் இடுப்பில் கயிற்றைக் கட்டி, நெஞ்சுக்குக் கீழே மிதப்புக்கு ஒரு வாழைக்குத்தியைக் கொடுத்து இறக்கிவிடுவார். பிறகு மேலே நின்றுகொண்டு சொல்லுவார்.

"கோயில் சுத்திற பக்கமாச் சுத்து பிள்ளை. கிணத்தையும் அப்பிடித்தான் சுத்தோணும்."

நானும் அப்படியே சுற்றினேன். வளர்ந்து, கலியாணம் கட்டி, பிள்ளைகள் பெற்ற பிறகும், வெயிலில் நின்று களைத்த நாட்களில் கிணற்றுக்குள் இறங்கி வலப்பக்கமாகவே சுற்றிவருவேன். நீந்துவதென்றால் வட்டமாகப் போவது என்றுதான் என் உடம்புக்குத் தெரியும். அது பிழை என்று சொல்ல எங்கள் பக்கத்தில் ஒருவருமில்லை. எல்லாரும் கிணற்றில் பழகியவர்கள்தானே.

எனக்குப் பெரிய படிப்பில்லை. எழுத்துக்கூட்டி வாசிப்பேன், அதே வேகத்தில்தான் எழுதுவேன். ஆனால் கத்தரி வைப்பதில் எங்கள் ஊரில் என்னை மிஞ்ச ஆளில்லை. அதைச் சொல்ல எனக்குக் கூச்சமுமில்லை. என் கணவர் இறந்த பிறகு தோட்டத்தை நான்தான் பார்த்தேன். காயைச் சந்தைக்குக் கொண்டுபோவது மட்டும் அண்ணையின் வேலை. சண்டையால் பெற்றோலைக் கண்ணால் காணாத காலம் அது. ஓடிய இரண்டொரு காரும் மண்ணெண்ணெயில் புகைத்துக்கொண்டு ஓடின. மற்றதெல்லாம் சைக்கிள்தான். அண்ணை விடிய எழும்பிச் சாக்கைக் கரியரில் கட்டிக்கொண்டு, கோப்பாய், கைதடி தாண்டிச் சாவகச்சேரிச் சந்தைக்குப் போவார். மத்தியானம் வெறுஞ்சாக்கோடு வருவார்.

"ஆர் அண்ணை வாங்கினது?" என்று கேட்பேன்.

"சனம்."

"என்ன சனம்?"

"கத்தரிக்காய் தின்னுற சனம்."

அவ்வளவுதான் வரும். நாற்றுப் போட்டு, பூச்சி பார்த்து, பிள்ளை மாதிரி வளர்த்த காயை யார் கையில் எடுத்துப் பார்க்கிறார்கள், எடுத்து என்ன சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அதை அறியவேண்டும் என்ற நினைப்பு என்னை விடவேயில்லை. நானே கொண்டுபோகிறேன் என்று சொன்னேன். அண்ணை ஒத்துக்கொள்ளவில்லை.

"கைதடிக்கும் கோப்பாய்க்கும் நடுவிலை முழுக்க வெட்டை, ஒதுங்க ஒரு மரமில்லை. சோளகக் காத்து அடிக்கேக்கை எனக்கே சைக்கிள் நிண்டிடும். நீ நடுவழியிலை விழுந்தா ஆர் தூக்கிறது?"

அந்தக் காலத்தில்தான் எங்கள் வாசிகசாலைப் பெடியள் ஒரு போட்டி வைத்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி மைக்கைப் பேசவைத்து ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார்கள். தொண்டைமானாற்றில் நீரேரியை நீந்திக் கடக்கவேண்டும். அங்கிருந்து அச்சுவேலி, புத்தூர், சரசாலை, சாவகச்சேரி, கைதடி, கோப்பாய் என்று பெரிய வட்டமாகச் சைக்கிளோடி உரும்பிராய்க்கு வரவேண்டும். பிறகு அங்கிருந்து நல்லூர் வரை கால் ஓட்டம். மூன்றும் ஒரே நாளில், ஒரே மூச்சில். வெளிநாடுகளில் இப்படிச் செய்கிறார்களாம். பெடியள் அதற்கு முப்போட்டி என்று பேர் வைத்திருந்தார்கள்.

நான் வேலிப் படலையடியில் நின்று கேட்டேன். எனக்கு வேறொன்றும் காதில் விழவில்லை. சாவகச்சேரி, கைதடி, கோப்பாய் என்பது மட்டும் விழுந்தது.

பின்னேரம் வாசிகசாலைக்குப் போனேன்.

"தம்பியவை, பொம்பிளையள் வரக்கூடாதெண்டு சட்டமிருக்கோ?"

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அப்பிடியொண்டும் எழுதேல்லை அக்கா. ஆரும் கேப்பினமெண்டு நினைக்கேல்லை" என்றான்.

"அப்ப என்ரை பேரையும் போடுங்கோ."

"ஒரு விசயம் அக்கா. குண்டுபோட பொம்பர் வந்தா எல்லாரும் இறங்கிப் படுக்கோணும். படுத்த நேரம் கணக்கிலை இல்லை."

"அது நாங்கள் தோட்டத்திலையும் செய்யிறதுதானே" என்றேன்.

அண்ணை கேள்விப்பட்டு வந்து முற்றத்தில் நின்று சிரித்தார். "விசர் வேலை. சரி, மூண்டையும் முடிச்சுப்போட்டு வா. பேந்து சந்தைக் கதையைக் கதைப்பம்." முடிக்கமாட்டேன் என்ற நம்பிக்கையில்தான் அப்படிச் சொன்னார். ஆனால் சொன்னது சொன்னதுதான். அண்ணை சொன்ன சொல்லை மாற்றுகிற ஆளில்லை.

என் கணவருடைய பழைய சைக்கிள் கொட்டிலில் கிடந்தது. பார் வைத்த ஆம்பிளைச் சைக்கிள். அதில்தான் நான் தோட்டத்துக்கும் மில்லுக்கும் போய்வருவேன். ஆகவே சைக்கிளைப் பற்றி யோசிக்கவில்லை. ஓட்டத்தைப் பற்றியும் யோசிக்கவில்லை, மாடு அறுத்துக்கொண்டு ஓடினால் பின்னால் ஓடுகிறவள்தானே நான். எனக்குத் தெரியாதது உப்புத்தண்ணீர்.

எங்கள் ஒழுங்கைக்கு மீன் கொண்டுவரும் பெண் தொண்டைமானாற்றுப் பக்கம். என் வயதுதான் இருக்கும், வாய் கொஞ்சம் கூட. அவளிடம் சொன்னேன். "வாங்கோ, உங்கடை நீச்சலைப் பாப்பம்" என்று கூட்டிக்கொண்டு போனாள்.

கணவருடைய பழைய சேட்டைப் போட்டு, பாவாடையை முழங்காலுக்குக் கீழே முடிந்துகொண்டு நீரேரியில் இறங்கினேன். முதல் ஆச்சரியம், தண்ணீர் என்னைத் தூக்கியது. கிணற்றுத் தண்ணீர் அப்படித் தூக்காது. உப்புக்கு ஏன் அந்தக் குணம் என்று யோசித்துக்கொண்டே தலையைக் குனிந்து நீந்தினேன். கால் நிலத்தில் பட்டது. அக்கரை வந்துவிட்டதென்று எழும்பினால், மீன்காரப் பெண் முன்னால் நிற்கிறாள்.

"நீயும் வந்திட்டியோ?" என்றேன்.

"நான் நிண்ட இடத்திலைதான் நிக்கிறன். நீங்கள்தான் கோயில் சுத்தினாப்போலை சுத்திக்கொண்டு வாறியள்."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது. பிறகு, ஏன் இப்படி என்று அறிய ஆசை வந்தது. திரும்பவும் இறங்கினேன். இந்த முறை தலையை நிமிர்த்திப் பார்த்துப் பார்த்து நீந்தினேன். நேராகத்தான் போவதாக நினைக்கிறேன், ஆனால் கரை இடப்பக்கமாக நகர்ந்துகொண்டு போகிறது. கிணற்றுக் கட்டு இல்லாத இடத்திலும் என் உடம்பு ஒரு கட்டைக் கண்டு வளைகிறது. கையை மாற்றிப் போட்டுப் பார்த்தேன், காலை மாற்றி அடித்துப் பார்த்தேன். ஒன்றும் சரிவரவில்லை.

மீன்காரப் பெண் சிரிப்பை விட்டுவிட்டு யோசித்தாள். "உங்களைத் திருத்த நேரமில்லை. அந்தச் சரிஞ்ச பனை தெரியுதோ? இடப்பக்கம், தூரத்திலை. நீங்கள் அதைப் பாத்து நீந்துங்கோ. ஏற வேண்டிய இடத்திலை ஏறுவியள்."

அப்படியே செய்தேன். ஏறினேன்.

போட்டி நாள் விடிய நீரேரிக் கரையில் நின்றவர்கள் எல்லாரும் பெடியள். களிசானோடு நின்றார்கள். நான் சேட்டும் பாவாடையுமாக நின்றேன். "அக்கா, கொடி பிடிக்க வந்தனீங்களோ?" என்று ஒருவன் கேட்டான். நான் பாவாடையை முடிந்துகொண்டேன். விசில் ஊதினார்கள். இறங்கினோம்.

நான் பனையைப் பார்த்து நீந்தினேன். தோணியில் காவலுக்கு வந்தவர்கள், "அக்கா, அங்காலை இல்லை, இஞ்சாலை, இஞ்சாலை" என்று கத்தினார்கள். எனக்குத் தெரியும் என்று கையைக் காட்டக்கூட முடியாது, காட்டினால் வாய்க்குள் உப்பு வரும். பேசாமல் பனையைப் பார்த்துப் போனேன். பனை மெல்ல மெல்ல இடப்பக்கம் நழுவியது. காலில் மண் பட்டபோது, கொடி நட்ட இடத்துக்கு நேரே நின்றேன்.

என்னோடு இறங்கிய நெடிய பெடியன் ஒருவனை அங்கே காணவில்லை. இடப்பக்கம் பார்த்தால், தூரத்தில் பனையடியில் ஏறி முழித்துக்கொண்டு நிற்கிறான். எனக்கு விளங்கவில்லை. உடுப்பைப் பிழிந்துகொண்டு சைக்கிளில் ஏறினேன்.

சரசாலைக்குக் கிட்ட அவன் என்னைப் பிடித்துவிட்டான்.

"உங்களை நம்பி, நீங்கள் பாத்த பனையைப் பாத்து நேரை நீந்திப் பனையடியிலை ஏறினன் அக்கா. அங்கை ஒரு குறுக்குவழி இருக்காக்குமெண்டு நினைச்சன்."

"நான் கிணத்திலை பழகினனான் தம்பி. வளைஞ்சுதான் போவன்."

"இதை முதலே சொல்லியிருக்கலாம்" என்று முறைத்துவிட்டு மிதித்துக்கொண்டு போனான்.

வழி முழுக்கச் சனம். எங்கள் சனத்துக்கு றோட்டில் ஆட்கள் வரிசையாக வந்தால் அது சாமி வருகிற மாதிரி. ஒழுங்கைக்கு ஒழுங்கை நிறைகுடம் வைத்திருந்தார்கள். மோரும் சர்க்கரைத் தண்ணீரும் கரைத்து வாளியோடு நின்றார்கள். "ஒரு வாய் குடிச்சிட்டுப் போ பிள்ளை" என்று முன்னால் வந்து மறிக்கிறார்கள். வேண்டாம் என்றால் முகம் வாடுகிறது. நான் ஒரு இடத்தில் குடித்தேன், மற்ற இடங்களில் கும்பிட்டுவிட்டுப் போனேன். ஈர உடுப்பு காற்றில் காய்ந்து, கையெல்லாம் உப்புப் பூத்திருந்தது. நக்கிப் பார்த்தேன். என் வேர்வையா, நீரேரியா என்று பிரித்தறிய முடியவில்லை.

சாவகச்சேரி வந்தது. சந்தை வாசலும் வந்தது. உள்ளே இருந்து வந்த இரைச்சலைக் கேட்டதும் என் கை தானாகப் பிறேக்கைப் பிடித்துவிட்டது. போட்டிக்கு வந்தவள் சந்தைக்குள் போகலாமா என்று நான் யோசிக்கவேயில்லை. சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு உள்ளே போனேன்.

சனத்துக்கு நடுவே அண்ணை சாக்கை விரித்து இருக்கிறார். என் கத்தரிக்காய் குவியலாகக் கிடக்கிறது. தோட்டத்தில் பார்ப்பதைவிட அங்கே சின்னதாகத் தெரிந்தது. நரை விழுந்த பெண் ஒருத்தி ஒரு காயை எடுத்துப் பெருவிரலால் அமத்தினாள். பிறகு மூக்கடியில் வைத்து மணந்தாள். கத்தரிக்காயை மணந்து பார்க்கிற ஆளை நான் அதுவரை கண்டதில்லை. அதில் என்ன மணம் வரும்? கிட்டப் போனேன்.

அண்ணை நிமிர்ந்து பார்த்தார். உப்புப் பூத்த முகமும் நெஞ்சில் போட்டிக்குக் குத்திய இலக்கத் துணியுமாக நான்.

"என்னடி, விட்டிட்டியோ?"

"இல்லை அண்ணை. ஒருக்காப் பாத்திட்டுப் போவமெண்டு வந்தனான்."

"எதை?"

"இதைத்தான்."

அந்தப் பெண் காயைக் கையில் வைத்தபடி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். திடீரென்று அண்ணை எழும்பினார்.

"போட்டிக்கு வந்தனியோ, பிராக்குப் பாக்க வந்தனியோ? எல்லாரும் போயிட்டாங்கள். ஓடு. ஓடெண்டெல்லோ சொல்லுறன்."

என்னை வாசல் வரை துரத்திக்கொண்டு வந்து, சைக்கிளைப் பிடித்து நிமிர்த்தித் தந்தார். முடிக்கக்கூடாது என்று நினைத்த மனிசன்தான். ஏறி மிதித்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது. அவருக்கு உறைத்ததோ தெரியாது.

கைதடியில் ஒரு மதகில் அந்த நெடிய பெடியன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருந்தான். தந்த மோரையெல்லாம் குடித்திருக்கிறான்.

"எப்பிடி அக்கா வேண்டாமெண்டு சொல்லுறது? என்ரை பெரியம்மா வாளியோடை நிக்கிறா."

"சத்தியெடுத்திட்டு எழும்பு. நாங்கள் ரெண்டு பேரும்தான் கடைசி."

வெட்டைக்குள் இறங்கியதும் சோளகம் முகத்தில் அறைந்தது. அண்ணை சொன்னதில் பொய்யில்லை. மிதித்தால் சைக்கிள் போகவில்லை, நின்ற இடத்தில் நின்று முனகியது. பெடியனை முன்னால் விட்டு அவன் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போனேன். வேலிக்குப் பின்னால் வைத்த கன்றுக்குக் காற்றுப் படாது என்பது தோட்டக்காரிக்குத் தெரியும். மனிதரையும் வேலியாக வைக்கலாம் என்று அன்றுதான் கண்டேன். அவன் களைத்தபோது நான் முன்னால் போனேன்.

"ஏன் அக்கா இந்த வயதிலை உங்களுக்கு இது?"

"சந்தைக்குப் போக."

"சந்தைக்குப் போறதுக்கு ஏன் நீந்தோணும்?"

நான் தலையைக் குனிந்துகொண்டு மிதித்தேன்.

உரும்பிராயில் சைக்கிளை விட்டு இறங்கி ஓடப் பார்த்தால், கால் என்னுடையதில்லை. யாரோ இரவல் தந்த கால் போல முழங்காலில் மடங்குகிறது. வெகுநேரம் மிதித்த கால் நிலத்தை மறந்துபோகுமா? நடந்தேன், பிறகு ஓடினேன், பிறகு நடந்தேன். பெடியன் முன்னால் போய்விட்டான். ஊர்ப் பெண்கள் படலைகளில் நின்று, "எடி, உவளைப் பாரடி" என்று கூப்பிட்டார்கள். தலையை நிமிர்த்திக்கொண்டு போனேன்.

நல்லூரில் முடிவிடத்துக்கு நான் போனபோது கயிற்றைச் சுற்றி எடுத்துவிட்டார்கள். மைக்குக்காரன் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். கயிறு கட்டிய தடி மட்டும் நின்றது. நான் போய் அந்தத் தடியைத் தொட்டேன்.

பக்கத்தில் மர நிழலில் அண்ணை நின்றார். காயை விற்று முடித்துவிட்டு நேர் றோட்டால் எனக்கு முதல் வந்திருந்தார். சைக்கிளில் வெறுஞ்சாக்கு.

"முடிச்சிட்டியோ?"

"ஓம். கடைசி."

"கடைசியெண்டாலும் முடிச்சாச்சு." பிறகு, "அந்த மனிசி உன்ரை காயை வாங்கேல்லை" என்றார்.

"ஏனாம்?"

"தோல் தடிப்பாம்."

"என்ரை காய்க்கோ? அவவுக்கு என்ன தெரியும்?"

"என்னட்டைக் கேட்டா? நாளையிண்டைக்கு நீயே போய்க் கேள். காத்து எழும்ப முதல் வெட்டையைத் தாண்டிப்போடு."

மறுநாளைக்கு அடுத்த நாள் விடிய, சாக்கைக் கரியரில் கட்டும்போது பின் சில்லை அமத்திப் பார்த்தேன். யாரோ ஏற்கெனவே காற்றடித்திருந்தார்கள்.

சந்தையில் அண்ணையின் இடத்தில் சாக்கை விரித்து இருந்தேன். வெயில் ஏறமுன் அந்தப் பெண் வந்தாள். ஒரு காயை எடுத்து அமத்தினாள், மணந்தாள்.

"ஏன் மணக்கிறனீங்கள்?" என்று கேட்டேன்.

"ஆய்ஞ்சு நாளானா காம்பிலை ஒரு மணம் வரும்." என்னை உற்றுப் பார்த்தாள். "நீங்கள் ஆர்? அண்டைக்கு உப்புப் பூத்துப்போய் வந்த ஆளெல்லோ?"

"உந்தக் காயை வைச்சவள்."

"அப்ப ஏன் இவ்வளவு நாளும் வரேல்லை? தோலைப் பற்றி நான் ஆரிட்டைச் சொல்லுறது?"

"இனி என்னட்டைச் சொல்லுங்கோ" என்றேன். ஒரு காயை எடுத்து, அவள் செய்தது போலவே மூக்கடியில் வைத்துப் பார்த்தேன். பிறகு அவளுக்கு நிறுக்கத் தராசை எடுத்தேன்.