துடைத்தும் போகாத பச்சைக் கறை

2009ஆம் ஆண்டு, பிப்ரவரி மாதக் கடைசி. கும்மிடிப்பூண்டியிலிருந்து தினமும் ரயிலில் கல்லூரிக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அதைச் சொல்லிக்கொள்ள நான் கூச்சப்பட்டதே இல்லை. என்னைவிட அப்பாவுக்குப் பெருமை அதிகம். இரும்பு ஆலையில் உலைப் பக்கம் வேலை செய்த அவர், ஆபீசில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டரை எனக்காகக் கேட்டு வாங்கி சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்திருந்தார்.

அதில் வானத்தைக் காட்டும் இலவச மென்பொருள் ஒன்றைப் போட்டிருந்தேன். ஊரும் நேரமும் கொடுத்தால் எந்த நட்சத்திரம் எங்கே என்று காட்டும். அந்த மாதம் பச்சை நிற வால்நட்சத்திரம் ஒன்று வருவதாகப் பேப்பரில் படித்தேன். மென்பொருளில் அது இல்லை. பிரவுசிங் சென்டரில் அதன் பாதைக்கான எண்களைத் தேடி எடுத்துவந்து, நானே நிரப்பினேன். கிரகங்கள் சுற்றும் தளத்திலிருந்து அந்தப் பாதையின் சாய்வு 178 டிகிரி என்று இருந்தது. ஒரு பாதை தொண்ணூறுக்கு மேல் எப்படிச் சாயும்? யாரோ தப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்று, 180இலிருந்து கழித்து 2 என்று போட்டேன்.

அன்றைக்கே, பழவேற்காட்டுத் தோழியிடம் இரவல் வாங்கிய பைனாகுலரோடு மொட்டைமாடிக்குப் போனேன். திரையில் பார்த்தபடியே சனி கிரகத்துக்குப் பக்கத்தில் மங்கலாகத் தெரிந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாவிடம் சொன்னேன். அவர் ஆலை முழுக்கச் சொல்லிவிட்டார்.

மூன்று நாள் கழித்து, கூட வேலை செய்யும் இரண்டு பேரை அழைத்து வந்தார். அது மின்வெட்டுக் காலம். மாலையில் ஆலைகளுக்குக் கரண்ட் கிடையாது. உலை நின்றால்தான் எங்கள் ஊர் வானம் கறுப்பாகும். வீட்டிலும் கரண்ட் போவதற்குள் திரையைப் பார்த்துவைத்தேன். வால்நட்சத்திரம் இன்னும் சனியை ஒட்டியே இருந்தது.

மாடிக்குப் போய்ப் பார்த்தபோது சனி இருந்தது. பக்கத்தில் எதுவும் இல்லை.

"இன்னாப்பா, எம்பொண்ணு காட்டும், எம்பொண்ணு காட்டும்னு சொல்லிக்கினு இருந்தே. கொசுதான் இருக்குது" என்றார் ஒருவர்.

"அதுக்கும் கரண்ட் கட்டா இருக்கும்" என்றார் மற்றவர்.

அப்பா சிரிக்கவில்லை. நாளைக்கு ஆலையில் இதுதான் பேச்சு என்று எங்கள் இருவருக்குமே தெரியும். அவர் பைனாகுலரை வாங்கி இங்கும் அங்கும் திருப்பினார். தோள் துண்டால் கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி பார்த்தார். மறுபடி துடைத்தார்.

"இதுல இன்னாமோ அழுக்கு இருக்குதும்மா. தொடச்சாலும் போவல."

அவர் பார்த்துக்கொண்டிருந்தது சனிக்கு வெகு மேலே, மகம் நட்சத்திரத்தின் பக்கம்.

"அங்க இருக்காதுப்பா. கம்ப்யூட்டர்ல வேற இடம்" என்றேன், பார்க்காமலே.

"நீ ஒருவாட்டி பாத்துட்டு சொல்லேன்."

பார்த்தேன். பச்சை பூத்த ஒரு மங்கல் கறை. மூன்று நாளில் அவ்வளவு தூரம் ஓடியிருந்தது. எதிரே வரும் வண்டிதான் அப்படி விலகி ஓடும் என்று அப்போதுதான் உறைத்தது. அந்த 178 தப்பே இல்லை. தொண்ணூறைத் தாண்டினால், கிரகங்கள் போகும் திசைக்கு எதிர்த்திசையில் அது சூரியனைச் சுற்றுகிறது என்று பொருள். முதல் நாள் சரியான பாதையும் என் பாதையும் தற்செயலாக ஒரே இடத்தில் வந்திருந்தன, அவ்வளவுதான்.

"நான்தான் தப்பாப் போட்டுட்டேன். இது ரிவர்ஸ்ல போகுது" என்று மூவரிடமும் சொன்னேன்.

கொசு என்று கிண்டல் செய்தவர் வெகுநேரம் பைனாகுலரைத் தரவில்லை. "ஒன்வேல ராங் சைடுல போவுது. புடிக்கத்தான் போலீஸ் இல்ல" என்றார். இறங்கும்போது அப்பா அவர்களிடம் கேட்டது ஒன்றுதான்: "எம்பொண்ணு காட்டிச்சா இல்லியா?"

அழுக்கு என்று நினைத்தவர் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். தப்பு என்று நினைத்த நான் பார்க்காமலே திருத்தினேன். இப்போதும் ஏதாவது ஒரு எண் எனக்குப் பொருந்தாமல் தெரியும்போது, திருத்தப் போகும் என் விரலுக்கு முன்னால் அப்பாவின் அந்தத் துண்டுதான் வந்து நிற்கிறது.