கூடை இருக்கிறது, அக்கா இல்லை

பொகவந்தலாவையில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் மாரியாயி அக்காவுக்கு அன்று கடைசி வேலை நாள். மலையில் வரிசையாக நின்ற நாற்பது பெண்களையும், ஸ்டாண்டில் கெமராவைத் திருப்பித் திருப்பி ஐந்து படங்களாக எடுத்தேன். கணினியில் ஒரே நீளப் படமாக இணைத்ததும், இடம் போதாதென்று அந்த ஐந்தையும் அழித்துவிட்டேன்.

அச்சிட்டுக் கொடுத்தபோது அக்கா விரல் வைத்துத் தேடினார்.

"கூடை என்னோடதுதான். நான் எங்க, தம்பி?"

இரண்டு படங்கள் சேரும் இடத்தில் நின்றவர், ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் நகர்ந்திருக்கிறார்; இணைத்தபோது அவர் உருவம் விடுபட்டுப்போனது. காலடியில் வைத்த கூடை மட்டும் படத்தில் தங்கிவிட்டது.

"பரவாயில்ல, கூடையாச்சும் வந்திருக்கே" என்றார். எனக்குத்தான் இன்னும் மனசு ஆறவில்லை.

இப்போது இணைப்பு விழும் இடத்தில் யாரையும் நிறுத்துவதில்லை. இணைத்த படத்தில் ஒவ்வொருவரும் தன் முகத்தை விரல் வைத்துக் காட்டிய பிறகே தனிப்படங்களை அழிக்கிறேன்.