பட்டியலில் இல்லாத பச்சை விரியன்

எங்கள் மூணாறு மலையில் விஷத்துக்குப் பஞ்சமே கிடையாது. குளவிக்கு ஒரு விஷம், தேளுக்கு ஒரு விஷம், கம்பளிப்பூச்சிகூடத் தன் பங்குக்கு ஏதோ வைத்திருக்கும். ஒவ்வொன்றும் தன் இரைக்கும் எதிரிக்கும் தக்கபடி யுகயுகமாகச் சேர்த்து வைத்தது என்று பின்னாளில் என் மகளின் பாடப் புத்தகத்தில் படித்தேன். ஆனால் எஸ்டேட் ஆஸ்பத்திரிச் சுவரில் மாட்டியிருந்த படத்தின்படி நாட்டில் விஷப் பாம்பு மொத்தம் நான்குதான். எழுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில், தேயிலைச் செடிக்குள்ளிருந்து என் வலது கையைக் கடித்த பச்சை விரியன் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை.

பக்கத்து வரிசையில் கொழுந்து எடுத்தவள் அதை அடித்துச் சாக்கில் போட்டுக் கொடுத்தாள். ஆதாரம் இல்லாமல் போனால் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் நம்பமாட்டார். அவர் பாம்புக்கடி என்று எழுதினால்தான், கை ஆறும்வரை ஃபேக்டரியில் உட்கார்ந்து காம்பு பொறுக்கும் லேசான வேலை கிடைக்கும். முழங்கைவரை வீங்கித் தோல் கறுத்துக்கொண்டிருந்தது. அவர் பாம்பைத் தூக்கிப் படத்தோடு ஒத்துப் பார்த்தார். என் கையைப் பார்க்கவில்லை.

"நல்ல பாம்பு கடிச்சா கண்ணு சொருகும். ஒனக்குச் சொருகுதா?"

"இல்ல சார். கைதான் வெடிச்சிரும் போல இருக்கு."

"அப்ப இது விஷமில்லாத பாம்பு."

வீக்கம் எதனால் என்று கேட்டேன். பயத்தினால் என்றார். முழங்கைவரைக்கும் பயப்படுகிற பெண்ணை அவர் அன்றுதான் பார்த்திருப்பார். பதிவேட்டில் பூரான்கடி என்று எழுதினார். பூரானுக்கு ஒரு நாள் ஓய்வு உண்டு.

மூன்று வாரம் கழித்து, துரை என்று நாங்கள் கூப்பிடும் மேனேஜரின் நாயை அதே சரிவில் இன்னொரு பச்சை விரியன் மூக்கில் கடித்தது. உடனே ஜீப் பறந்தது. டவுனிலிருந்து வந்த டாக்டர், "இது விஷப் பாம்புதான்" என்று சொன்னதை எஸ்டேட் முழுக்கக் கேட்டது. நாய் பிழைத்துக்கொண்டது. பங்களா வராந்தாவில் கம்பளி விரித்து அதைப் படுக்க வைத்திருந்தார்கள்.

என் ஆட்காட்டி விரல் அப்போதும் மடங்கவில்லை. அந்த விரலோடு தினமும் கொழுந்து எடுத்த ஆத்திரத்தில் கம்பவுண்டரிடம் போனேன்.

"அதே பாம்புதான சார்? இப்பவாது பாம்புக்கடின்னு எழுதுங்க."

அவர் பதிவேட்டைப் புரட்டித் தேதியைத் தேடினார்.

"ஏம்மா, நாயக் கடிச்சது இந்த மாசம். ஒன்னையக் கடிச்சது போன மாசம். அப்பவே அதுக்கு விஷம் இருந்துச்சுன்னு நான் எப்பிடி எழுத?"

மறுநாளிலிருந்து இடது கையால் கொழுந்து கிள்ளப் பழகினேன்.