மரெத்திமோவில் கட்டிக்கிடந்த இரண்டு நாட்கள்

இதில் நான் ‘அவர்’ என்று எழுதுவது ஒரேயொருவரைத்தான். மன்னார்க்காரர். இத்தாலியில், பலெர்மோ நகரில் ஒரு வயதான வழக்கறிஞரின் வீட்டையும், பழைய துறைமுகத்தில் கட்டியிருந்த அந்த வழக்கறிஞரின் பாய்மரப் படகையும் பார்த்துக்கொண்டிருந்தார். முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்த பிறகு வழக்கறிஞருக்குப் படகில் ஏற முடியாமல் போய்விட்டது. சும்மா கிடந்தால் எஞ்சின் பழுதாகிவிடும், செப்ரெம்பரில் பத்து நாள் உன்னுடைய ஆட்களோடு எங்கேயாவது போய் வா என்று சாவியைக் கொடுத்தார். அவர் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். இங்கே வந்து படகோட்டும் அனுமதிப் பத்திரமும் எடுத்திருந்தார். தனி ஆளான அவருக்கு ஆட்கள் என்று இருந்தது நாங்கள் மூன்று பேர்தான். அல்பெர்கேரியாப் பகுதியில் எனக்கு மேல்மாடியில் இருக்கும் அக்கா, அக்காவின் கணவரான அண்ணை, நான்.

என் கணவர் இறந்து அப்போது ஐந்து வருடம். பொலிதேயாமா அரங்குக்குப் பக்கத்தில், சிஞ்ஞோரா என்று நான் கூப்பிடும் இத்தாலிய எசமானி ஒருவரின் வீட்டில் வேலை செய்தேன். சனிக்கிழமைகளில் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்தேன். அதனால் அவரும் என்னை ரீச்சர் என்றே கூப்பிட்டார்.

முதல் வருடம் மகளை அவளுடைய மாமியின் வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். மொந்தெல்லோக் கடற்கரையைத் தாண்டுவதற்குள் சத்தி எடுக்கத் தொடங்கிவிட்டேன்.

“ரீச்சர், தண்ணியைப் பாக்காதேங்கோ. தூரத்தில அந்த மலையைப் பாருங்கோ. மலை ஆடாதுதானே” என்றார்.

மலையைப் பார்த்துக்கொண்டே கஸ்தெல்லம்மாரே வரைக்கும் போனேன். அடுத்த நாள் சான் வீத்தோ. அங்கே துறையில் காவல் நின்றவன் எங்கள் நான்கு பேரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, படகின் சொந்தக்காரர் எங்கே என்று கேட்டான். “உள்ளே நித்திரை கொள்ளுகிறார்” என்று அவர் முகத்தில் சிரிப்பே இல்லாமல் இத்தாலியனில் சொன்னார். அண்ணை சிரிப்பை அடக்க முடியாமல் வாளியைத் தூக்கிக்கொண்டு மற்றப் பக்கம் போனார். வருடம் முழுக்க மற்றவர்களின் குளியலறை கழுவுகிற ஆட்கள் நாங்கள். படகின் முன்தட்டில் கால் நீட்டி இருந்து, நான்கு பேரும் ஒரே சட்டியிலிருந்து மீன்குழம்பும் பாணும் சாப்பிட்டோம். அவ்வளவு சிரித்து எத்தனையோ வருடமாகியிருந்தது.

இரண்டாவது வருடம் பவிஞ்ஞானாத் தீவு வரைக்கும் போனோம். ஒரு பின்னேரம் அக்காவும் அண்ணையும் கடலில் குளித்துக்கொண்டிருந்தார்கள். நான் பின்தட்டில் மீன் வெட்டினேன். அவர் வாளியில் தண்ணீர் அள்ளித் தந்துகொண்டிருந்தார்.

“ரீச்சர், ஒண்டு கேக்கலாமோ?”

“கேளுங்கோ.”

“எங்கட ரெண்டு வீட்டையும் ஒரு வீடாக்கினா என்ன?”

கத்தி கையிலேயே நின்றது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை. ஓம் என்று சொல்லத்தான் பயமாக இருந்தது.

“பிள்ளையோட கதைக்கவேணும். கொஞ்சம் பொறுங்கோ” என்றேன்.

“பொறுக்கிறன்” என்றார். மீன் செதிலை வாளித் தண்ணீரால் கழுவிவிட்டு, சுக்கானடிக்குப் போய்விட்டார்.

ஒரு வருடம் நான் மகளோடு அதைக் கதைக்கவேயில்லை. அவர் கத்தோலிக்க வேதக்காரர், நாங்கள் சைவம். என் மாமியார் இன்னும் ஊரில் உயிரோடு இருந்தார். தமிழ் படிக்க வரும் பிள்ளைகளின் தாய்மார் என்ன சொல்வார்கள் என்ற யோசனை வேறு. ஒவ்வொரு மாதமும் ஒரு காரணம் கிடைத்தது. அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து, கபோ சந்தையில் வாங்கிய மீனைக் கொண்டுவந்து வாசலில் தந்துவிட்டுப் போவார். உள்ளே வரமாட்டார். திருப்பிக் கேட்கவும் இல்லை. ஒருநாள் மகள், “இந்த அங்கிள் ஏன் ஒவ்வொரு ஞாயிறும் வாறார்?” என்று கேட்டுவிட்டுக் கதவை அடித்துச் சாத்தினாள். அந்தச் சத்தத்தை வைத்துக்கொண்டே நான் இன்னும் ஆறு மாதத்தைக் கடத்தினேன். பாஸ்குவா என்ற உயிர்த்த ஞாயிறுப் பண்டிகைக்குப் பிறகு மீன் வருவது குறைந்தது. வேலை கூடிவிட்டதாக்கும் என்று நினைத்தேன்.

மூன்றாவது வருடம் ஓகஸ்ட் மாதம் ஒருநாள், உடுப்புக் காயப்போட்டுக்கொண்டே மகளிடம் சொன்னேன். அவளுக்குப் பதினைந்து வயது.

“எனக்குத் தெரியும், மம்மா. எல்லாருக்கும் தெரியும்” என்றாள். “அல்லோரா, அப்ப அவரிட்ட இன்னும் ஏன் சொல்லேல்ல?”

நான் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னைச் சுற்றியிருந்த மதில் ஒரு நொடியில் இல்லாமல் போனது போல இருந்தது.

அந்த செப்ரெம்பரில் மரெத்திமோவுக்குப் போவது என்று முடிவாகியிருந்தது. தீவுகளில் அதுதான் கடைசி. அதற்கப்பால் வெறும் கடல். அங்கே போய்ச் சேர்ந்ததும் சொல்லுவேன் என்று நினைத்துக்கொண்டேன். வழியெல்லாம் அவர் அதிகம் பேசவில்லை. சுக்கானில் நின்றபடி காற்றைப் பார்த்தார். நான் அதைக் கவனித்தேன், ஆனால் என் சந்தோசத்தில் அதற்கு அர்த்தம் தேடவில்லை.

சிறிய துறைக்குள் கயிறு கட்டிய மறுநாள் காலை வடமேற்குக் காற்று எழும்பியது. திரும்பிப் போக முடியாது, இரண்டு நாள் காத்திருக்கவேண்டும் என்றார். அக்காவிடம் நான் விசயத்தைச் சொல்லியிருந்தேன். அவ அண்ணையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பாண் வாங்க ஊருக்குள் போனா. நான் தேத்தண்ணி போட்டேன். எஞ்சின் பார்த்த கையைத் துடைத்துக்கொண்டு அவர் வந்து எதிரில் இருந்தார்.

“உங்களோட ஒரு விசயம் கதைக்கவேணும்” என்றேன்.

“எனக்கும் ஒண்டு சொல்லக் கிடக்கு, ரீச்சர்.”

“அப்ப நீங்கள் முதல் சொல்லுங்கோ.”

மரியாதைக்குத்தான் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் காட்டிய மரியாதைகளிலேயே அதை மட்டும் திருப்பி எடுத்துக்கொள்ள முடிந்தால் எடுத்துக்கொள்வேன்.

கனடாவில் இருக்கும் தங்கச்சி ஒரு பேச்சுக் கொண்டுவந்தாளாம். அந்தப் பெண்ணும் கணவனை இழந்தவர், இரண்டு பிள்ளைகள். ஆடி மாதம் அவர் தங்கச்சியிடம் ஓம் என்று சொல்லிவிட்டாராம். தை மாதம் அங்கே வேதக் கோயிலில் கலியாணம்.

“உங்களைக் கஷ்டப்படுத்தக் கூடாதெண்டுதான் நான் திருப்பிக் கேக்கேல்ல” என்றார். “நீங்கள் ஒண்டும் சொல்லாம இருந்ததே பதிலெண்டு எடுத்துக்கொண்டன். என்னில வருத்தமில்லைத்தானே?”

“சீச்சீ. நல்ல விசயம்” என்றேன்.

“நீங்கள் என்ன சொல்ல வந்தனீங்கள்?”

“சீனி முடிஞ்சு போச்சு. அக்கா ஊருக்குள்ள நிக்கிறா, எடுத்துச் சொல்லவேணும் எண்டு.”

அவர் உடனே தொலைபேசியை எடுத்து அண்ணைக்கு அழைத்து, ஒரு கிலோ சீனி வாங்கிவரச் சொன்னார்.

ஒன்பது மீற்றர்ப் படகில் அழுவதற்கு இடமில்லை. கழிப்பறை ஒரு அலுமாரி அளவு. உள்ளே மூக்குறிஞ்சினால் சுக்கானடியில் கேட்கும். அதனால் நான் நடந்தேன். வெள்ளை வீடுகளும் நீலக் கதவுகளும் முடிந்து மலைப்பாதை தொடங்கும் இடத்தில் ஒரு கல்லில் இருந்தேன். அக்கா என்னைத் தேடி மூச்சுவாங்க வந்தா. சொன்னேன்.

“எடியே, இப்பவும் நேரமிருக்கு. போய்ச் சொல்லு.”

“வாக்குக் குடுத்திட்டாரக்கா. அங்கயும் ஒருத்தி காத்துக்கொண்டு இருக்கிறாள்.”

“நீ சொல்லாட்டி நான் சொல்லுவன்.”

நான் அவவின் இரண்டு கையையும் பிடித்துக் கெஞ்சினேன். அக்காவுக்குக் கோபத்தில் கண்ணீர் வந்தது. ஆனால் சத்தியம் செய்து தந்தா, கடைசிவரை காப்பாற்றினா. அண்ணைக்கு மட்டும் விசயத்தைச் சொன்னா. கணவனிடம் ஒளிக்க அவவுக்குத் தெரியாது.

அந்த இரண்டு நாளும் நான்தான் சமைத்தேன். சாப்பிடும்போது அவருடைய முழங்கை என் தோளில் படும். விலகி இருக்க இடமில்லை. பக்கத்துப் படகில் இருந்த இத்தாலியத் தம்பதி குழம்பு மணத்துக்கு எட்டிப் பார்த்தார்கள். ஒரு கிண்ணத்தில் கொடுத்தோம். அந்தப் பெண், “உங்கள் மனைவி நன்றாகச் சமைக்கிறார்” என்று அவரைப் பார்த்துச் சொன்னார். அவர் திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை. அண்ணை எழுந்து போய்க் கயிற்றை இறுக்கினார், அது இறுக்கமாகத்தான் இருந்தது.

காற்று விழுந்ததும் புறப்பட்டோம். அந்தப் பயணத்தில் எனக்கு ஒருமுறைகூடச் சத்தி வரவில்லை. பலெர்மோவில் இறங்கும்போது அவர் எப்போதும் போலக் கை தந்தார். பிடித்து இறங்கினேன்.

வீட்டில் மகள் கதவைத் திறந்துவிட்டு, என் பையை வாங்காமல் முகத்தைத்தான் பார்த்தாள். சொன்னேன். என்னைவிட அவள்தான் கூட அழுதாள்.

“என்னாலதானே, மம்மா? அண்டைக்கு நான் கதவைச் சாத்தினதாலதானே?”

“இல்லையம்மா. அம்மாவுக்குத் துணிவு வரேல்ல, அவ்வளவுதான்.”

அது உண்மை. அவள் நம்பினாளோ தெரியாது.

மார்கழியில் அவர் கனடாவுக்குப் போய்விட்டார். வழக்கறிஞர் படகை விற்றார். கலியாணப் படம் எங்கள் நால்வரின் தொலைபேசிக் குழுவுக்கு வந்தது. அந்தப் பெண் சாந்தமான முகமாக இருந்தா. நான் வாழ்த்து எழுதினேன். சில மாதம் அவர் அண்ணைக்கு அடிக்கடி அழைத்துக் கதைத்தார். ஒருநாள் பேச்சோடு பேச்சாக அண்ணைக்கு வாய் தவறிவிட்டது. மரெத்திமோவில் நான் என்ன சொல்ல இருந்தேன் என்பதைச் சொல்லிவிட்டார். “சரி அண்ணை, வைக்கிறன்” என்று மட்டும் சொன்னாராம். அதற்குப் பிறகு அவர் எங்களில் ஒருவருக்கும் அழைக்கவில்லை.

அண்ணை என் முன்னால் வந்து தலைகுனிந்து நின்றார். நான் அண்ணையை ஏசினேன். ஒரு கிழமை மேல்மாடிக்குப் போகவில்லை. ஆனால் அந்தக் கிழமை முழுக்க எனக்குள்ளே, வெட்கக்கேடாக, ஒரு சின்ன நிம்மதியும் இருந்தது. அவருக்குத் தெரியவேண்டும் என்று நான் எவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அவருடைய புது வீட்டில் அந்தச் செய்தி என்ன செய்திருக்கும் என்பதை நான் அதற்குப் பிறகுதான் யோசித்தேன்.