மினிபஸ்ஸிலை ஒரு சட்டக் கேள்வி

இண்டைக்கு நெல்லியடி மினிபஸ்ஸிலை பக்கத்திலை இருந்த ஐயா என்ரை புத்தகத்தை எட்டிப் பாத்தார்.

"என்ன படிக்கிறீர் பிள்ளை?"

"குற்றவியல் சட்டம்."

"அப்ப கள்ளனைப் பிடிச்சால் என்ன செய்வியள்?"

"சாட்சி கேக்கோணும். அவன் சொல்லுறதையும் கேக்கோணும்."

பஸ்ஸே சிரிச்சுது.

சந்தியிலை டிரைவர் மெதுவாக்கினார். லைற் போஸ்ரிலை ஒருத்தனை இயக்கம் சுட்டுக் கட்டியிருந்தது. கழுத்திலை 'கள்ளன்' எண்டு மட்டை.

"என்ரை சைக்கிளை எடுத்தவன். நான்தான் இயக்கத்துக்கு ஆளைக் காட்டினனான்" எண்டார் ஐயா.

"சைக்கிள் கிடைச்சுதோ?"

"ஓம். மருமோன் கேக்காமல் கொண்டுபோயிருக்கிறான், விசரன்."

இறங்கேக்கை எனக்குப் புத்தியும் சொன்னார்.

"ரீச்சருக்குப் படியும் பிள்ளை. சட்டத்துக்கு இஞ்சை வேலையில்லை."

அந்தாள் சொன்னதிலை எது பிழை? ஆராவது சொல்லுங்கோ.