நகுலேஸ்வரி எழுதிய இரண்டு கடிதங்கள்

நகுலேஸ்வரிக்கு ஐம்பத்தேழு வயது. ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய சமையற்கூடத்தில், விமானங்களுக்கு ஏற்றும் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்குவதுதான் பத்தொன்பது வருடங்களாக அவள் வேலை. இடது மூலையில் பணிஸ் என்கிற பன்ரொட்டி, அதற்குப் பக்கத்தில் பட்டர், நடுவில் சூடாக்கிய சாப்பாட்டுப் பெட்டிக்கு இடம், வலது பக்கம் கோப்பை. ஒரு தட்டைக் கையில் எடுத்ததுமே பட்டர் குறைகிறதா இல்லையா என்று அவளுக்குத் தெரிந்துவிடும், குனிந்து பார்க்க வேண்டியதில்லை. உலகம் முழுக்கப் பறந்தவர்கள் அவள் கைபட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டிருக்கிறார்கள். அவள் விமானம் ஏறியது மொத்தம் மூன்றே தடவை. அந்த மூன்று தடவையும் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அடுக்கியவளைக் குறை சொல்லியிருக்கிறாள்.

அவளிடம் ஒரு கொள்கை இருந்தது: யாரிடமும் எதையும் கேட்பதில்லை. இரண்டாயிரமாம் ஆண்டு கணவன் யோகராஜாவோடு இந்த நாட்டுக்கு அகதியாக வந்தபோது, அரசாங்கம் கையில் காசு கொடுக்கவில்லை, கூப்பன்தான் கொடுத்தது. ஒருநாள் சுப்பர்மார்க்கெட்டில் காசாளர் பெண் அந்தக் கூப்பனை உயர்த்திப் பிடித்து, இது செல்லுமா என்று கடையின் அடுத்த மூலையில் நின்றவரைக் கூப்பிட்டுக் கேட்டாள். பின்னால் நின்ற வரிசை முழுக்க நகுலேஸ்வரியைப் பார்த்தது. அவள் கையில் இருந்தது ஒரு இறாத்தல் பாணும் பால்போத்தலும்தான். அன்றைக்குக் குனிந்த தலையை இனி எவருக்கும் குனிவதில்லை என்று அவள் முடிவெடுத்தாள். யோகராஜா மாரடைப்பில் போனபோது கோயில்காரர் சேர்த்துக் கொண்டுவந்த காசு உறையைக்கூட அவள் கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். நல்ல கொள்கைதான், யார் இல்லை என்றது? ஆனால் கொள்கை வீட்டு வாடகை கட்டாது.

இரண்டாயிரத்து இருபது மார்ச்சில் கொரோனா வந்து விமானங்கள் நின்றன. பறக்காத விமானத்துக்குச் சாப்பாடு எதற்கு? சமையற்கூடம் பூட்டப்பட்டது. வேலை செய்யாமல் வீட்டிலிருக்க, சம்பளத்தில் நூற்றுக்கு எண்பதை அரசாங்கம் கொடுக்கும் என்றார்கள். அதற்கு ஃபர்லோ என்று பெயர். சவுத் ஹரோவில் இருந்த இரண்டு அறை வீட்டில் நகுலேஸ்வரி அடுப்பைத் தேய்த்தாள், யன்னல்களைத் துடைத்தாள், மறுபடியும் அடுப்பைத் தேய்த்தாள். சும்மா இருந்து வாங்குகிறோமே என்று உறுத்தியது. ஆனால் சம்பளச் சீட்டில் கம்பனியின் பெயர் இருந்தபடியால், அதைச் சம்பளமென்றே வைத்துக்கொண்டாள்.

அந்த ஏற்பாடு ஒக்டோபர் முப்பத்தோராம் திகதியோடு முடிவதாக இருந்தது. ஒக்டோபர் தொடங்கியதுமே, அவளுடைய பகுதிக்கு மேற்பார்வையாளராக இருந்த பெனிற்றா அவளைப் போனில் கூப்பிட்டாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அந்த இடத்துக்கு வந்த முதல் நாள், தட்டடுக்கச் சொல்லிக் கொடுத்ததே நகுலேஸ்வரிதான்.

“அக்கா, நான் சொன்னனெண்டு ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. ஆக்களைக் குறைக்கினம். லிஸ்ற்றில உங்கட பேரும் கிடக்கு. திங்கட்கிழமை கடிதம் வரும்.”

“ஓம் பிள்ளை,” என்றாள் நகுலேஸ்வரி. “நீர் முன்கூட்டிச் சொன்னது நல்லதாப் போச்சு.”

நல்லதாகவா போனது? பெனிற்றா அழுவதற்கு ஆயத்தமாகச் சொன்னாள். நகுலேஸ்வரியோ வேறொரு கணக்குப் போட்டாள். நம்முடைய சனத்துக்கு வேலை போவது ஒரு நட்டம் என்றால், போனது வெளியில் தெரிவது பத்து நட்டம். ‘வேலையை விட்டிட்டா’ என்பது ஒரு பேச்சு. ‘வேலையால நிப்பாட்டிப்போட்டினம்’ என்பது வேறு பேச்சு. முதலாவதைச் சொல்லும்போது ஆட்கள் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள், இரண்டாவதைச் சொல்லும்போது நிலத்தைப் பார்ப்பார்கள். திங்கட்கிழமை கடிதம் வரட்டும், வெள்ளிக்கிழமையே நான் போய்விட்டால் அவர்கள் யாரை நிற்பாட்டுவார்கள் என்று யோசித்தாள் அவள். பெரிய கெட்டித்தனம் செய்ததாக அவளுக்கு அன்றிரவு நல்ல நித்திரை.

கடிதத்தை ஆங்கிலத்தில், கோடு போட்ட தாளில், ஒரு வெட்டுக்கொத்து, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினாள். பத்தொன்பது வருடம் என்னை நன்றாகப் பார்த்துக்கொண்டீர்கள். என் சொந்த விருப்பத்தின்படி மகிழ்ச்சியோடு விலகுகிறேன். இந்தக் கஷ்டகாலம் நீங்கிக் கம்பனி செழிக்கக் கடவுளை வேண்டுகிறேன். எழுதி முடித்ததும் பருத்தித்துறை வடை சுட்டாள். வெறுங்கையோடு போய் விடைபெறுவது மரியாதை இல்லையே! மூன்று பிஸ்கற் தகரப் பேணி நிறைய வடையையும் கடிதத்தையும் வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் கொண்டுபோய், அலுவலகம் மட்டும் இயங்கிய சமையற்கூடத்தின் வாசலில் மனிதவளப் பகுதிப் பெண்ணிடம் கொடுத்தாள். அந்தப் பெண் பிரீத்தா, கோயம்புத்தூர்க்காரி. கடிதத்தை அங்கேயே படித்தவள், முகக்கவசத்துக்கு மேலால் கண் கலங்கி, “எல்லாரும் எங்களைத் திட்டுறாங்க, நீங்க வடை சுட்டுட்டு வந்திருக்கீங்க” என்றாள். நகுலேஸ்வரி தலை நிமிர்ந்து வீடு திரும்பினாள்.

திங்கட்கிழமை அவளுக்குக் கடிதம் வரவில்லை. கடிதம் வந்தவர்களுக்கெல்லாம் எத்தனை வருடம் வேலை செய்தார்களோ அதற்கேற்ற ஆட்குறைப்புப் பணமும் சேர்ந்து வந்தது. தானாக விலகியவளுக்கு யார் கொடுப்பார்கள்? இந்தச் செய்தியை முதலில் விளங்கிக்கொண்டது மகள் விதுஷா. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம், அப்போது வீட்டிலிருந்தே படித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, ஆர் யூ சீரியஸ்?” என்று கத்தினாள். “நைன்ரீன் இயேர்ஸ்! அவை போகச் சொல்லியிருந்தா காசு தந்திருப்பினம். நீங்களே போயிட்டீங்கள்!”

“மரியாதையாப் போனனான்,” என்றாள் நகுலேஸ்வரி.

தன் தலையில் தானே மண்ணள்ளிப் போட்டவள் அத்தோடு நின்றாளா என்றால் அதுவும் இல்லை. வேலையில்லாதோருக்கான கொடுப்பனவுக்கு விதுஷா விண்ணப்பம் போட்டுக்கொடுத்தாள். ஒருநாள் கொடுப்பனவு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். கடைசி வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டாள். என் சொந்த விருப்பம் என்றாள் நகுலேஸ்வரி. அந்தப் பெண் பொறுமையானவள். அப்படியா, யாராவது உங்களைப் போகச் சொன்னார்களா, யோசித்துச் சொல்லுங்கள் என்று இரண்டாம் தடவையும் கேட்டாள். இல்லை, ஒருவரும் சொல்லவில்லை, அவர்கள் மிக நல்லவர்கள் என்றாள் இவள். அப்படியானால் தானாக வேலையை விட்டதற்காக மூன்று மாதம் வரை கொடுப்பனவு வெட்டப்படலாம், மேலிடத்துக்கு அனுப்புகிறேன் என்று அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள். நகுலேஸ்வரி அதற்கும் நன்றி சொல்லித்தான் போனை வைத்தாள். முதன்முதலாக அவளுக்குப் பயம் வந்தது.

ஒக்டோபர் முடிந்த சனிக்கிழமை இரண்டாவது ஊரடங்கை அறிவித்தார்கள். ஃபர்லோவை ஒரு மாதம் நீட்டுகிறோம் என்றார்கள். அடுத்த வியாழக்கிழமை, ஒரு மாதமல்ல, மார்ச் வரை நீட்டுகிறோம் என்றார்கள். ஒரு மாதம் முந்திச் சொல்லியிருந்தால் எத்தனை பேரின் வேலை தப்பியிருக்கும் என்று நாடே திட்டிக்கொண்டிருந்தபோது, விதுஷா போனோடு ஓடிவந்தாள்.

“அம்மா, லிசின். செப்டெம்பர் இருபத்துமூண்டாம் திகதி சம்பளப் பட்டியலில பேர் இருந்தாப் போதும். அதுக்குப் பிறகு நிப்பாட்டின ஆக்களையும், தானா விலகின ஆக்களையும் திருப்பி எடுத்து ஃபர்லோவில போட ஏலும். ஏன் போனனீங்கள் எண்டு கேக்கவே இல்லை. ஜஸ்ற் அந்த டேற்!”

“அவங்கள் எடுக்கோணுமே.”

“எடுக்கோணும் எண்ட கட்டாயமில்லை. பட், கேட்டா எடுக்கலாம்.”

கேட்டால். அந்தச் சொல்லில் நகுலேஸ்வரி நின்றுவிட்டாள். மகிழ்ச்சியோடு விலகுகிறேன் என்று எழுதி, வடையும் கொடுத்துவிட்டு, ஒரு மாதத்தில் திரும்பிப் போய் வாசலில் நின்று கேட்பதா? பிரீத்தா என்ன நினைப்பாள்? பெனிற்றா என்ன நினைப்பாள்? “பாப்பம்” என்றாள். அவளுடைய அகராதியில் அதற்கு ‘மாட்டேன்’ என்று அர்த்தம். விதுஷாவுக்கு அது தெரியும். மூன்று நாள் அடுப்பு பளபளத்தது.

ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணி கொண்டுபோனபோது, விதுஷாவின் கணினியில் பாடம் இல்லை, ஒரு விண்ணப்பம் திறந்திருந்தது. ஒரு களஞ்சியத்தில் பொதி கட்டும் வேலை, முழுநேரம்.

“இது என்ன?”

“ஒரு வருஷம் படிப்பை நிப்பாட்டினா ஒண்டும் குறையாது அம்மா. ஆராவது வாடகை கட்டோணும்.” விதுஷா திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். கோபமில்லை, அழுகையுமில்லை. அவள் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டாள் என்று தெரிந்தது.

நகுலேஸ்வரி தேத்தண்ணியை மேசையில் வைத்தாள். பத்தொன்பது வருடம் விடியற்காலை பஸ் பிடித்தது இந்தப் பிள்ளை பொதி கட்டவேண்டாம் என்றுதான். தன் தலை குனியாமல் இருக்க, பிள்ளையின் தலையை அல்லவா குனிய வைத்துவிட்டோம் என்று நினைத்தாள். வெட்கமாக இருந்தது. முன்பு பட்ட வெட்கமெல்லாம் இதற்குப் பக்கத்தில் வெறும் விளையாட்டு.

“அதை மூடு,” என்றாள். “நாளைக்கு நான் கதைக்கிறன்.”

அடுத்த நாள் போனில் பிரீத்தா குரலைக் கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்டாள். “அக்கா! உங்க லெட்டரை எங்க போர்டுல மாட்டி வச்சிருக்கோம்.”

“பிள்ளை, அதைப் பற்றித்தான்...” என்று தொடங்கி, நகுலேஸ்வரி தொண்டையைச் செருமி, வானிலை விசாரித்து, தாய் தகப்பன் சுகமா என்று கேட்டு, ஒருவழியாக விஷயத்துக்கு வந்தாள்.

பிரீத்தா, “ஆமா அக்கா, திரும்ப எடுக்க ஒரு லிஸ்ட் போடுறோம். ஆனா அது நாங்க அனுப்பினவங்களோட லிஸ்ட். நீங்க அதுல இல்ல, நீங்களா விருப்பப்பட்டுப் போனதா லெட்டர் இருக்கு” என்றாள். “மேனேஜர்கிட்ட கேட்டுப் பார்க்கிறேன். அவர் சரின்னு சொன்னாலும், திரும்ப வரணும்னு நீங்க எழுத்துல கேக்கணும். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணியோட லிஸ்ட் முடியுது. லேட் பண்ணாதீங்க அக்கா.”

நகுலேஸ்வரி உடனே எழுத உட்கார்ந்தாள். உங்களுக்கு வசதிப்பட்டால், வேறு எவருக்கும் இடைஞ்சல் இல்லையென்றால், என்னையும் நினைத்துப் பார்க்க முடியுமானால், இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எப்போதும் நன்றியுள்ள, என்று போனது அந்தக் கடிதம். விதுஷா வாசித்தாள்.

“அம்மா, இது பழையபடி ஒரு தாங்க்யூ கார்ட்.”

“அப்ப எப்பிடி எழுதிறது?”

“உங்களுக்கு என்ன வேணுமோ அதை எழுதுங்கோ.”

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். நகுலேஸ்வரிக்கு அழத்தான் தெரியாது. செவ்வாய் எழுதிக் கிழித்தாள், புதன் எழுதிக் கிழித்தாள். வியாழன் பின்னேரம், வேலை போனது யாருக்குத் தெரிந்தால் என்ன என்று ஒரு அலுப்பு வந்தது. அந்த அலுப்பில், ஒரே மூச்சில் நான்கு வரி எழுதினாள். நான் வேலையை விட விரும்பவில்லை. நீங்கள் என்னை அனுப்பப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன், வெட்கத்தில் நானே முந்திக்கொண்டேன். எனக்கு இந்த வேலை வேண்டும். தயவுசெய்து என்னைத் திரும்ப எடுங்கள். இரண்டு இடத்தில் வெட்டுக்கொத்து இருந்தது. அவள் அதைத் திருத்தி எழுதவில்லை.

பெனிற்றாவின் பெயர் அதில் இல்லை. கேள்விப்பட்டது யாரிடம் என்று அவளிடம் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டாள். கொள்கை முழுக்கப் போய்விடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் மூன்றே பேர். சமையற்கூட வாசலில் பிரீத்தா கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்து கடிதத்தை வாங்கினாள். அங்கேயே பிரித்துப் படித்தாள். நான்கு வரிதான், ஆனால் வாசித்து முடிக்க நேரம் எடுத்தாள். நகுலேஸ்வரி அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“மேனேஜர் நேத்தே ஓகே சொல்லிட்டார் அக்கா. இதுக்குத்தான் காத்துட்டிருந்தேன்,” என்றாள் பிரீத்தா. “உங்க பேரைப் போட்டுடுறேன். மார்ச் வரைக்கும் கவலையில்ல.” கடிதத்தை மடித்தவள், நகுலேஸ்வரியின் வெறுங்கைகளைக் கண்டதும் நிலைமையை இலேசாக்க நினைத்தாளோ என்னவோ, சிரித்தாள். “என்ன அக்கா, இன்னைக்கு வடை இல்லையா?”

“இல்லைப் பிள்ளை,” என்றாள் நகுலேஸ்வரி. “இண்டைக்கு நான் குடுக்க வரேல்லை. கேக்க வந்தனான்.”